பரணிலிருந்து இறங்கிய மாயாவி

சென்னைக்காரர்களில் பலருக்கு டோல்கேட் என்பது பஸ் போர்டில் பார்த்த பெயர். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. தண்டையார்பேட்டை தாண்டி, காலடிப்பேட்டைக்கு முன்னால், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் பேட்டை. கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கடல். ரோட்டுக்கு வந்தால் ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். 2021 பிப்ரவரியிலிருந்து தலைக்கு மேலே மெட்ரோ ரயிலும் ஓடுகிறது.

மெட்ரோ வந்ததும் மனை விலை ஏறியது. நாற்பது வருஷத்துக்கு மேல் அம்மா வாடகைக்கு இருந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாக வீட்டுக்காரர் போன வருஷம் சொன்னார். நல்ல மனிதர், ஆறு மாதம் டைம் கொடுத்தார். அம்மா மணலி புதுநகரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதென்று முடிவானது. பாத்திரம், கட்டில், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் பார்த்தாயிற்று. மிச்சம் நின்றது பரணில் இருந்த ஒரு மரப்பெட்டி. அதற்குள் இருந்தவை என்னுடையவை. 404 காமிக்ஸ் இதழ்கள்.

11 வயதில் ஆரம்பித்து 18 வயது வரை நான் சேர்த்தவை அவை. இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

ஆப்பக்கடைக் காசு

1984 தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல வருஷம். அந்த ஒரே ஆண்டில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது, சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு தொடங்கியது. லயன் மாடஸ்டி பிளைசியோடு தொடங்கியது. லயனின் அண்ணன் முத்து காமிக்ஸ் 1972-லேயே இரும்புக்கை மாயாவியோடு வந்துவிட்டிருந்தது. முத்துவைத் தொடங்கியவர் சௌந்தரபாண்டியன். லயனின் ஆசிரியர் அவர் மகன் விஜயன். அப்போது அவரும் பதின்ம வயதைத் தாண்டாதவர் என்பது பல வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய். மாதம் இரண்டு வரும், 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். புதுசு வந்த நாளில் கடை முன்னால் பையன்கள் கூட்டம் நிற்கும். பொம்பளைப் பிள்ளை நான் ஒருத்திதான்.

மாதம் மூன்று ரூபாய் என்பது எங்கள் வீட்டில் சின்னத் தொகை அல்ல. அப்பா ஹார்பரில் கூலி வேலை. அம்மா காலையில் வாசலில் ஆப்பக்கடை போடுவார். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து தேங்காய் துருவிக் கொடுத்தால் எனக்குப் பத்துப் பைசா. கடன் கேட்டு வருகிற கூட்டத்தைச் சமாளித்துக் கணக்கு வைத்தால் இன்னொரு ஐந்து பைசா. அந்தக் காசுதான் ஜேம்ஸ் பாண்டுக்குப் போனது.

பழைய முத்து காமிக்ஸுக்கு வேறு வழி இருந்தது. சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட். அப்பா ஒருமுறை என்னை அங்கே கூட்டிப்போனார். பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவில் நின்றபோது கோயில் தேர்த் திருவிழாவுக்கு வந்த மாதிரி இருந்தது. 1985 மே 30 அன்று அந்தக் கட்டடம் தீயில் எரிந்துபோனது. பிறகு கடைகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. என் பெட்டியில் இருந்த முத்து காமிக்ஸ்களில் முக்கால்வாசி அல்லிக்குளத்தில் வாங்கியவை.

அம்மாவின் கைக்காரன்

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் உரலில் மாவாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் காமிக்ஸை வாசித்துக் காட்டுவேன். படத்தைத் திருப்பிக் காட்டினால் குழவியை ஒரு சுற்று நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது இரும்புக்கை மாயாவி. தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் கதை: ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர், விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறார். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆளே மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் காற்றில் தெரியும். 1962-ல் இங்கிலாந்தின் வேலியன்ட் இதழில் பிறந்தவர் அவர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர். சிவகாசியில் தமிழ் கற்றுக்கொண்டு டோல்கேட் ஆப்பக்கடைக்கு வந்து சேர்ந்தார்.

அம்மா அவரைக் "கைக்காரன்" என்பார். அவரிடம் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் பக்கம் அப்போது அடிக்கடி மின்வெட்டு.

"கரன்ட்டு பூட்சின்னா இவன் இன்னா பண்ணுவான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

ராணி காமிக்ஸில் வேறொரு மாயாவி உண்டு. அமெரிக்காவில் லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய ஃபேண்டம், முகமூடி மாயாவி. அம்மா அவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. "மூஞ்சிய மூடிக்கினு வர்றவன நம்பக்கூடாது" என்று முடித்துவிட்டார்.

போகியும் புயலும்

1997-ல் எனக்குக் கல்யாணமாகி ஆவடிக்குப் போனேன். மாமியார் வீட்டில் எட்டுப் பேருக்கு ஒரு பீரோ. காமிக்ஸ் பெட்டியை எடுத்துப்போகிற பேச்சே எழவில்லை. ஹார்பரில் சரக்கு வந்த பேக்கிங் கட்டையில் அப்பா அடித்துக் கொடுத்த பெட்டி அது. பரணில் ஏறி உட்கார்ந்தது, அங்கேயே இருந்துவிட்டது.

அது இருபத்தேழு வருஷம் எப்படிப் பிழைத்தது என்பதுதான் ஆச்சரியம். காமிக்ஸ் அச்சிடப்படும் மட்டக் காகிதத்துக்கு எதிரி அதற்குள்ளேயே இருக்கிறது. மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் காகிதத்தை மஞ்சளாக்கும். காகிதம் மெல்ல அமிலமாகி, மடித்த இடத்தில் அப்பளம் போல உடையும். கடற்கரைப் பக்கம் என்றால் இன்னொரு தொல்லை: உப்புக் காற்றில் நடுப்பக்கத்துப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். இவை போக ராமபாணப் பூச்சி, கரப்பான்.

அம்மாவுக்கு லிக்னின் தெரியாது. வருஷா வருஷம் சித்திரை வெயிலில் பெட்டியை இறக்கி, நிழலில் பாயைப் போட்டுப் புத்தகங்களைக் காற்றாட வைப்பார். நேர் வெயிலில் வைக்க மாட்டார், "கலர் பூடும்" என்பார். பிறகு வேப்பிலையும் வசம்பும் போட்டு மூடுவார். நூலகத்தில் காகிதம் பாதுகாக்கிறவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான்: வெளிச்சம் வேண்டாம், ஈரம் வேண்டாம், காற்று வேண்டும்.

போகிக்கு முந்தின நாள் தெருப் பிள்ளைகள் பழைய பேப்பர் கேட்டு வீடு வீடாக வருவார்கள். எங்கள் வீட்டில் பழைய பாய் கிடைக்கும், கிழிந்த முறம் கிடைக்கும். பெட்டியை மட்டும் யாரும் தொட முடியாது.

2015 டிசம்பர் மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஓட்டிலிருந்து ஒழுகுகிறது என்று யாரோ போட்டுவிட்டுப் போன மஞ்சள் நீராட்டு விழா பிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்தார் அம்மா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே பேனர்தான். போனில் நான் அம்மாவை விசாரித்தால், "நான் நல்லாத்தான் கீறேன். ஒன் பொட்டியும் நல்லாத்தான் கீது" என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்.

மூன்று விலைகள்

பெட்டியை இறக்கியதும் அதற்கு மூன்று விதமான விலை இருப்பது தெரிந்தது.

முதல் விலை பழைய பேப்பர் கடையில். 28 கிலோ நின்றது. கிலோ 14 ரூபாய் என்றார். 400 ரூபாய்கூட வரவில்லை.

இரண்டாவது விலை சேகரிப்பாளர்களிடம். பழைய தமிழ் காமிக்ஸுக்கு இன்று பெரிய தேடல் இருக்கிறது. 2012 ஜனவரியில் லயன் - முத்து காமிக்ஸ் புதுப்பொலிவோடு மறுபடி வர ஆரம்பித்த பிறகு, சின்ன வயதில் படித்தவர்கள் சம்பாதிக்கும் வயதில் திரும்பி வந்துவிட்டார்கள். தம்பிக்குத் தெரிந்த ஒரு பையன் வந்து பார்த்தான். முப்பது வயது இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் ஏந்திப் புரட்டினான். "அக்கா, மொத்தமா குடுத்தீங்கன்னா அறுபதாயிரம் தரேன்" என்றான்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 1938-ல் அமெரிக்காவில் சூப்பர்மேன் முதல்முறை வந்த இதழின் விலை 10 சென்ட். அதன் நல்ல பிரதி ஒன்று 2014-ல் 32 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அத்தனை விலைக்குக் காரணம், மற்ற பிரதிகளில் பெரும்பாலானவை குப்பைக்குப் போனதுதான். பிள்ளைகள் வளர்ந்ததும் அம்மாக்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். தூக்கிப் போடாத அம்மா எனக்கு வாய்த்தார்.

மூன்றாவது விலைக்கு ரூபாயில் கணக்கில்லை. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். போர்டு எழுதுவது தொழில். பழைய புத்தகம், வார இதழ் மட்டும் அல்லாமல் சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைவரை சேர்த்தார். மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததை அவர் அடுக்கி வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை அமெரிக்காவுக்கு எடுத்துப் போகாமல் இங்கேயே விட்டது. இன்று சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படிப் பிறந்தது. தமிழில் ஆய்வு செய்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள். ஒரு காலத்து மக்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பது பெரிய நூல்களைவிட இப்படிப்பட்ட ஒன்றரை ரூபாய்க் காகிதத்தில்தான் அதிகம் ஒட்டியிருக்கிறது.

அதைப் படித்த பிறகு எனக்கு அறுபதாயிரம் உடனே இனிக்கவில்லை. ஆனால் தம்பி கேட்டதும் நியாயம்தான். "நூலகத்துல குடுத்துட்டா ஒனக்கு இன்னாக்கா மிச்சம்?"

பெட்டி யாருக்காக?

நான் அம்மாவைப் பார்த்தேன். இருபத்தேழு வருஷம் காத்தவர். விற்பது என்றால் மனசு கஷ்டப்படுமோ என்று பயந்தேன்.

"வித்துடேன்" என்றார், வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எதுக்கும்மா பேனர் கட்டி, வேப்பிலை போட்டு இத்தினி வருஷம் வெச்சிருந்த?"

"நான் பொஸ்தகத்தையா காவந்து பண்ணேன்? ஒன் பொருளு அது. கட்டிக்கினு பூட்ட பொண்ணுக்கு ஆத்தா வூட்ல அவளுதுன்னு ஒரு பொட்டியாச்சும் இருக்கணும். ஒன் துணிமணி பூட்ச்சி, ஒன் படுக்க பூட்ச்சி. அது ஒண்ணுதான இருந்துச்சி. நீ வர சொல்ல, இது என் வூடுன்னு ஒக்காரணும் இல்ல?"

பரணைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போதெல்லாம் உள்ளே நுழைந்ததும் என் கண் முதலில் போவது அந்தப் பெட்டிக்குத்தான். ஒருநாளும் இறக்கிப் பிரித்ததில்லை. அது அங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டால் போதும், செருப்பை ஓரமாக விட்டுவிட்டுத் தரையில் சாய்ந்துவிடுவேன். ஏன் என்று நான் யோசித்ததில்லை. அம்மா யோசித்திருக்கிறார்.

இனி அந்த வீடே இருக்காது. தம்பி வீட்டில் தம்பி மனைவிக்கும் ஒரு அம்மா வீட்டுப் பெட்டி இருக்கும். அதற்கு மேல் என் பெட்டியை அடுக்க எனக்கு விருப்பம் இல்லை. அம்மாவே விட்டுவிடு என்று சொன்ன பிறகுதான் எனக்கு அதைப் பிரிக்கத் தெம்பு வந்தது.

பிரித்த விதம்

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. தரையில் பாய் விரித்து, ஒவ்வொரு இதழையும் எடுத்து எண், மாதம், வருஷம் எழுதினேன். என் மகள் அதைப் போனில் பட்டியலாக அடித்தாள். ராணி காமிக்ஸ் 212, லயன் 97, முத்து 64, பூந்தளிரும் மற்றவையும் 31.

பிரிப்பதற்கு ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன்: இது வேறெங்கே கிடைக்கும்?

மாயாவி, ஸ்பைடர், டெக்ஸ் வில்லர் கதைகளில் பலவற்றை லயன் - முத்துவிலேயே மறுபதிப்பு போட்டிருக்கிறார்கள். நல்ல காகிதம், பெரிய அளவு. படிக்க வேண்டுமென்றால் அதை வாங்கிப் படிக்கலாம். ராணி காமிக்ஸ் அப்படி அல்ல. 2005-ல் நின்றுபோனது. பெரும்பாலான இதழ்களுக்குப் பழைய பிரதியைத் தவிர வேறு வழியில்லை.

பட்டியலை ஒரு ஆய்வு நூலகத்துக்கு அனுப்பினேன். பெட்டியோடு போய் நின்றுவிடாதீர்கள், முதலில் பட்டியல் அனுப்புங்கள் என்பது அவர்களே சொன்னது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தங்களிடம் இல்லாதவை 118 என்று குறித்திருந்தார்கள், பெரும்பாலும் ராணி காமிக்ஸ். அந்த 118-ம் அங்கே போனது. ஒரு ரூபாய் வாங்கவில்லை.

205 இதழ்களை அந்தப் பையனுக்குக் கொடுத்தேன். இப்போது அவன் சொன்ன விலை 28,000. அம்மா அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் பேத்தி பேரில் போடச் சொன்னார். போட்டாயிற்று.

அட்டை இல்லாதது, பக்கம் போனது, பேனாவால் மீசை வரைந்தது என்று 66 இருந்தன. விலை போகாதவை, ஆனால் கதை முழுசாக இருந்தவை. தம்பி குடியிருக்கும் அடுக்குமாடியில் பிள்ளைகளுக்காக ஒரு அலமாரி இருக்கிறது. அங்கே வைத்தோம். முதல் நாளே பதினைந்து காணோம் என்று தம்பி மனைவி வருத்தப்பட்டாள். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

மீதி 15. இவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தப் பையன் அடுக்கிக்கொண்டே வந்தவன், சிலதை மட்டும் ஒதுக்கினான். "இதுல உள்ளட்டை பூரா பென்சில்ல கோடு போட்டிருக்குக்கா. வெல கொறைஞ்சிடும்."

வாங்கிப் பார்த்தேன். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. பக்கத்தில் ஒரு மீன், ஒரு சைக்கிள், ஒரு மூக்குத்தி. அம்மாவின் ஆப்பக் கணக்கு. நான் பள்ளிக்கூடம் போன பிறகு கடன் சொன்னவர்களின் கணக்கை, கையில் கிடைத்த காமிக்ஸின் உள்ளட்டையில் அவரே குறித்து வைத்திருக்கிறார். மீன் போட்டால் மீன்காரம்மா, சைக்கிள் போட்டால் தபால்காரர். மூக்குத்தி யாரென்று அம்மாவுக்கே நினைவில்லை. "பதிமூணு ஆப்பம். குட்த்தாளோ இன்னாவோ" என்று சிரித்தார்.

எழுதத் தெரியாத அம்மா தன் கையால் எழுதியது உலகத்தில் அந்தப் பதினைந்து அட்டைகளில்தான் இருக்கிறது. அதே கேள்வியை இதற்கும் கேட்டேன். இது வேறெங்கும் கிடைக்காது.

உங்கள் பரணிலும் இருக்கலாம்

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். கோகுலம், அம்புலிமாமா, பைண்டு செய்த தொடர்கதை, கிரிக்கெட் வீரர்களின் படம் வெட்டி ஒட்டிய நோட்டு. அதை வெளியே எடுக்கும் நாள் வந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள் உதவக்கூடும்.

எடை போட்டு விற்பதற்கு முன் பட்டியல் போடுங்கள். இதழ் பெயர், எண், மாதம், வருஷம் இருந்தால் போதும். துருப்பிடித்த பின்னை மெதுவாக நீக்கிவிட்டுப் பருத்தி நூலால் கட்டுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பசை பழுப்பாகித் தாளையும் கெடுத்துவிடும். நின்றுபோன பத்திரிகை என்றால் ஒரு நூலகத்தைக் கேட்காமல் விடாதீர்கள். உள்ளட்டை, ஓரம், நடுப்பக்கம் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சேர்த்தவர் நீங்களாக இருக்கலாம். காத்தவர் வேறு யாராவது இருப்பார். அவர் கை பட்ட அடையாளம் எங்காவது இருக்கும்.

காலிப் பெட்டியை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். மணலியில் அதில் இப்போது அரிசி இருக்கிறது. அந்தப் பதினைந்தும் ஆவடியில் என் பீரோவில், புடவைக்குக் கீழே இருக்கின்றன. போன வாரம் அம்மா இங்கே வந்து தங்கியபோது ஒன்றை எடுத்து வாசித்துக் காட்டினேன். பாதியில் கரன்ட் போனது. இன்வெர்ட்டர் இருக்கிற வீடு, விளக்கு அணையவில்லை. அம்மா மின்விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்ப கைக்காரனுக்குக் கவலயில்ல, நீ படி" என்றார்.